மன்னாரில் எண்ணப்பட்ட தமிழ்க் கல்விக்கழகம்: கத்தோலிக்கப் பல்கலைக்கழக மரபும் பொது விரிவுரையும்

தோற்றுவாய்

பல்கலைக்கழகம் என்றவுடன் கட்டடங்களும் பட்டங்களுமே பெரும்பாலும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆயினும், உலக வரலாற்றை நோக்குமிடத்து, ஒரு பல்கலைக்கழகம் தன்னைச் சூழ்ந்து வாழும் மக்களுக்குச் செய்த தொண்டு, அது வழங்கிய பட்டங்களின் எண்ணிக்கையால் மட்டும் அளக்கப்படுவதன்று என்பது புலனாகும். கதவுகளைத் திறந்துவைத்து, பதிவுபெற்ற மாணவர் அல்லாதோரும் வந்து கேட்குமாறு, அறிஞர் ஒருவர் தாம் கற்றதை எடுத்துரைக்கும் பொது விரிவுரை, பல்கலைக்கழகத்தின் உயிர்நிலைகளுள் ஒன்றாகும். கத்தோலிக்கத் திருச்சபையின் சார்பில் எழுந்த கல்விக்கழகங்களின் வரலாற்றில் இம்மரபு சிறப்பிடம் பெறுகின்றது. அம்மரபு தமிழோடு தொடர்புற்றது எங்ஙனம் என ஆராயப் புகுவோர், றோமாபுரியையோ சென்னையையோ நோக்குமுன், மன்னார்க் கரையை நோக்குதல் வேண்டும்.

மன்னார்ப் பெருநிலப்பரப்பில், பூநகரிக்குச் செல்லும் வீதியை ஒட்டி, கண்டற் காடுகளும் ஆழங்குறைந்த கடலும் சூழ அமைந்துள்ள ஊர் விடத்தல்தீவு. பெயரிற் 'தீவு' என்னும் சொல் நிற்பினும், அது பெருநிலத்தைச் சேர்ந்த கரையூரேயாகும். முள்மரமாகிய விடத்தலைத் தன் பெயரிற் கொண்ட இவ்வூரில் கத்தோலிக்கர், இஸ்லாமியர், சைவர் ஆகிய மூவகையினரும் வாழ்ந்து வந்துள்ளனர். இதன் தெற்கே, திருஞானசம்பந்தராலும் சுந்தரராலும் பாடப்பெற்ற திருக்கேதீச்சரமும், பண்டைத் துறைமுகமாகிய மாதோட்டமும் உள்ளன. அப்பாற் கடல் கடந்து மன்னார்த் தீவு கிடக்கின்றது. இக்கரையிலே 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஓர் எண்ணம் எழுந்தது. அது நிறைவேறவில்லை. எனினும், நிறைவேறாத அவ்வெண்ணம் எழுப்பிய வினா இன்றும் விடையை வேண்டி நிற்கின்றது: அறிவு யாருடைய மொழியில், யார் முன்னிலையில் பேசப்படுதல் வேண்டும்? இவ்வினாவை மூன்று காலங்களில், மூன்று இடங்களில் வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பட்டமளிக்க இயலாத பல்கலைக்கழகம்

ஒப்புநோக்கின் பொருட்டு முதலில் அயர்லாந்து நாட்டை எடுத்துக்கொள்வோம். ஆங்கில அரசு 1845இல் அங்குச் சமயச் சார்பற்ற அரச கல்லூரிகளை ஏற்படுத்தியது. அவை தம் மக்களுக்கு ஏற்றவையல்ல எனக் கருதிய அயர்லாந்து ஆயர்கள், 1850இல் தேர்லஸ் நகரிற் கூடிய பேரவையில், கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றை நிறுவத் துணிந்தனர். நாட்டைப் பெரும்பஞ்சம் வாட்டிய காலம் அது. பசியால் மாண்டோரும் நாட்டை விட்டகன்றோரும் இலட்சக்கணக்கினர். அத்தகைய வேளையிற் பல்கலைக்கழகம் எதற்கு என்று வினவியோரும் இருந்திருப்பர். ஆயினும் பணி தொடங்கிற்று. ஆங்கிலேயரான யோன் ஹென்றி நியூமன் அதன் அதிபராக 1851இல் அழைக்கப்பெற்றார்.

நியூமன் கட்டடம் எழுப்புவதற்கு முன்னரே விரிவுரை நிகழ்த்தினார் என்பது ஈண்டுக் கருதத்தக்கது. 1852ஆம் ஆண்டு மே, யூன் மாதங்களில் டப்ளின் நகர மண்டபமொன்றில் ஐந்து விரிவுரைகளைப் பொதுமக்கள் முன்னிலையில் ஆற்றினார். பல்கலைக்கழகம் என்பது யாது, கல்வியின் பயன் யாது என்பனவே அவற்றின் பொருள். பிற்காலத்தில் உலகெங்கும் கல்வியியலாளராற் போற்றப்பட்ட நூலொன்று அவ்விரிவுரைகளினின்றே தோன்றியது. பல்கலைக்கழகமோ 1854 நவம்பரிலேயே தன் வாயிலைத் திறந்தது. ஆகவே, அங்கு விரிவுரை முன்னது, நிறுவனம் பின்னது.

இப்பல்கலைக்கழகத்துக்கு அரச பட்டயம் கிடைக்கவில்லை. அதனால், அது வழங்கும் பட்டம் அரசால் ஏற்கப்படவில்லை. மாணவர் தொகையும் சிறிதே. உலகியல் நோக்கில் அதனைத் தோல்வி என்பாரும் உளர். நியூமனும் 1858இல் பதவியை விட்டு நீங்கினார். ஆயினும் அங்கு நிகழ்ந்த ஒரு தொடர் விரிவுரை, பட்டங்கள் செய்யவியலாத செயலொன்றைச் செய்தது. கிளேயர் மாவட்டத்து உழவர் குடியிற் பிறந்தவர் யூஜின் ஓ'கரி. பல்கலைக்கழகத்திற் பயின்றவர் அல்லர். பழைய ஐரிய மொழி ஏடுகளைப் படிக்கும் பழக்கம் தந்தையின் வழியாகவே அவருக்குக் கிடைத்தது. நில அளவைத் திணைக்களத்தின் வரலாற்றுப் பிரிவிலும், நூலகங்களிலும் பல்லாண்டு ஏடுகளைப் படியெடுத்து வாழ்ந்த அவரை, நியூமனின் பல்கலைக்கழகம் ஐரிய வரலாற்றுக்கும் தொல்லியலுக்கும் பேராசிரியராக அமர்த்தியது. 1855, 1856 ஆகிய ஆண்டுகளில் அவர் ஆற்றிய 21 விரிவுரைகள், அந்நாட்டின் பண்டை வரலாற்றுக்கு ஆதாரமாகவுள்ள சுவடிகள் எவை, அவை எங்குள்ளன, அவற்றின் பொருள் யாது என்பனவற்றை எடுத்துரைத்தன. ஐரிய மொழி அறியாத அதிபர் நியூமன் அவ்விரிவுரைகளுக்குத் தாமே வந்து அமர்ந்து, தம் திறமையில் ஐயுற்றிருந்த அம்முதியவரை ஊக்கினார். அவ்வுரைகள் 1861இல் நூலுருவம் பெற்றன. அடுத்த ஆண்டில் ஓ'கரி மறைந்தார்.

இந்நிகழ்ச்சியில் நாம் அறிந்துகொள்ள வேண்டியவை இரண்டு. ஒன்று, தன் மொழி நாள்தோறும் தேய்ந்து வந்த ஒரு மக்கட் கூட்டம், தனக்கென ஓர் இலக்கியமும் வரலாறும் உண்டென்பதைப் பொது அவையிற் கேட்டறிந்தது. மற்றொன்று, அதனை எடுத்துரைத்தவர் பட்டம் பெறாத ஒருவர். ஏட்டையும் ஊரையும் அறிந்தவரைப் பல்கலைக்கழகம் தேடிச் சென்று அழைத்தது. ஆயினும் ஒரு குறையையும் மறைத்தலாகாது. ஐரிய மொழிச் செல்வத்தைப் பற்றிய அவ்விரிவுரைகள் ஆங்கிலத்திலேயே நிகழ்ந்தன. மொழியைப் பற்றிப் பேசினர், அம்மொழியிற் பேசவில்லை.

மன்னாரில் எழுந்த எண்ணம்

டப்ளினில் நியூமன் பேசுதற்கு ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகளுக்கு முன், அவ்வெல்லையையும் கடக்க முயன்றவர் ஒருவர் நம் கடற்கரையில் வாழ்ந்தார். அவர் போர்த்துக்கல் நாட்டு வில்லா விசோசா நகரில் 1520இற் பிறந்த இயேசு சபைத் துறவி அன்றிக் அடிகளார். ஹென்றிக் ஹென்றிக்கஸ் எனவும் அவர் பெயர் எழுதப்படும். 1546இல் கோவாவுக்கு வந்த அவர், அடுத்த ஆண்டில் முத்துக்குளித்துறைக் கரைக்கு அனுப்பப்பெற்றார். மொழிபெயர்ப்பாளரை நம்பிச் சமயம் போதிப்பதன் இடர்ப்பாட்டை உணர்ந்து, தமிழைத் தாமே முறையாகக் கற்றார். இலத்தீன், போர்த்துக்கேய இலக்கணங்களை ஒப்புநோக்கித் தமிழ் வினைகளின் இடம், காலம் ஆகியவற்றை வகுத்து, போர்த்துக்கேய மொழியில் ஓர் இலக்கணம் எழுதினார். ஐரோப்பியர் ஒருவர் எழுதியனவாகக் கிடைக்கும் தமிழ் இலக்கணங்களுள் அதுவே முதலாவது. அக்கரையில் இருந்த துறவியர் தமக்குள்ளும் தமிழிலேயே பேசுதல் வேண்டுமென்பதும், பிறமொழி பேசியவர் ஒறுத்தலை ஏற்றல் வேண்டுமென்பதும் அவர் காலத்து வழக்காக இருந்தன.

1560இல் போர்த்துக்கேய அரசப் பிரதிநிதி கொன்ஸ்தந்தீனு த பிறகன்சா யாழ்ப்பாணத்தின்மீது படையெடுத்து, அதனை நிலையாகக் கைக்கொள்ள இயலாமல், மன்னாரைக் கைப்பற்றிக் கோட்டை எழுப்பினார். எதிர்க்கரையிற் புன்னைக்காயலில் வாழ்ந்த பரதவரிற் பலர் மன்னாருக்குக் கொண்டுவரப்பட்டனர். அவர்களுடன் அன்றிக் அடிகளாரும் வந்தார். 1561இல் அவர் மன்னாரிலிருந்து எழுதிய கடிதங்கள் இயேசு சபையின் ஆவணத் தொகுப்பில் உள்ளன. தமிழைக் கற்பிப்பதற்கும் தமிழிற் கற்பிப்பதற்குமாக ஓர் உயர் கல்விக்கூடத்தை மன்னாரிலோ புன்னைக்காயலிலோ நிறுவுதல் வேண்டும் என்னும் எண்ணம் இக்காலத்தில் அவரிடம் உருவாயிற்று. இதனைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கான முதல் எண்ணமாகத் தனிநாயகம் அடிகளார் தம் எழுத்துக்களில் எடுத்துக்காட்டினார்.

இங்கு வரலாற்று மாணவர் சிறிது தயங்குதல் முறையே. அன்றிக் அடிகளார் எண்ணியது இன்றைய பொருளிற் பல்கலைக்கழகம்தானா? அதன் முதன்மையான நோக்கம், சமயப் பணியாளருக்குத் தமிழறிவு ஊட்டுவதேயாகும். மருத்துவம், சட்டம், கணிதம் முதலான துறைகள் அங்குக் கற்பிக்கப்பட்டிருக்குமெனக் கொள்ள இடமில்லை. ஆகவே, அதனை முழுப் பல்கலைக்கழகமெனக் கூறுதல் மிகையாகும். எனினும், அக்காலத்து ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களிலெல்லாம் இலத்தீனே உயர்கல்வியின் மொழியாக ஆட்சி செய்தது என்பதை மறத்தலாகாது. போர்த்துக்கேயமோ பிரெஞ்சோ கூட அங்கு அவ்விடத்தைப் பெறாத காலத்தில், கரையோர மக்களின் பேச்சுமொழியை உயர் பயிற்சிக்கு உரியதெனக் கருதியதே இவ்வெண்ணத்தின் சிறப்பாகும். அதனைப் பல்கலைக்கழகம் எனப் பெயரிடுவதினும், பல்கலைக்கழகக் கருத்துக்குத் தமிழ்க் கரையிலிருந்து விடப்பட்ட முதல் அழைப்பு எனக் கொள்ளுதல் பொருத்தமாகும்.

மன்னாரில் அவ்வெண்ணம் கைகூடவில்லை. குடியேற்றப்பட்ட பரதவரிற் பலர் சில ஆண்டுகளில் மறுகரைக்கே திரும்பினர். அடிகளாரும் புன்னைக்காயலுக்குச் சென்றார். 1567 அளவில் ஆங்கு ஒரு தமிழ்ப் பள்ளி நடந்ததாக அறிகிறோம். கூடமாக உருப்பெறாதது நூலாக உருப்பெற்றது. 1578 அக்டோபரில் கொல்லத்தில் 16 பக்கங்கள் கொண்ட 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்தில் அச்சேறியது. அதற்கு முன் 1554இல் இலிசுபனில் வெளிவந்த நூலொன்றில் தமிழ்ச் சொற்கள் உரோம எழுத்தில் அச்சிடப்பட்டிருந்தன. அதனை ஆக்குவதிற் கடல் கடந்து சென்ற தமிழர் மூவர் பங்குகொண்டனர். தமிழ் எழுத்திலேயே அமைந்து நம் கைக்கு எட்டிய முதல் நூல் 'தம்பிரான் வணக்கம்' ஆகும். 1579இல் கொச்சியில் 'கிரீசித்தியானி வணக்கம்' வெளிவந்தது. 1586இல் அடியார்களின் வரலாற்றைக் கூறும் பெருநூல் அச்சாயிற்று. அச்சுப் பணிக்கு முத்துக்குளித்த பரதவரே பொருளுதவினர். 1600ஆம் ஆண்டு பெப்ரவரியில் அன்றிக் அடிகளார் புன்னைக்காயலில் மறைந்தார்.

கோட்டையின் நிழல்

இவ்வெண்ணத்தைப் போற்றுகையில் அதன் மறுபக்கத்தையும் காட்டுதல் வரலாற்றாசிரியன் கடமை. கல்விக்கூடம் எண்ணப்பட்ட அதே ஆண்டுகளில், அதே தீவில், அதே ஆட்சியால் கோட்டையும் எழுந்தது. மக்கள் தம் விருப்பத்தை விட ஆட்சியாளரின் வசதிக்காகவே இடம்பெயர்க்கப்பட்டனர். முத்து வருவாயே கோட்டைக்குக் காரணம். அதற்கு முன் 1544இல், புதிதாகச் சமயம் மாறிய மன்னார் மக்கள் யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் ஆணையாற் கொல்லப்பட்டனர். ஆட்சிப் போட்டியும் சமயப் பற்றும் ஒன்றோடொன்று பிணைந்து, எளிய மக்களின் உயிரை விலையாகக் கொண்டன. அன்றிக் அடிகளாரின் தமிழ்ப் பற்று மெய்யானது; ஆயினும், அது சமயம் பரப்பும் நோக்கத்தின் உள்ளே நின்றது. அவர் காலத்தில் தமிழ் பயன்படு கருவியாகப் போற்றப்பட்டது. தமிழ் மக்களின் பண்டை இலக்கியம் விரிவுரைக்குரிய பொருளாகவில்லை. டப்ளினில் நாம் கண்ட குறையை நேர்மாறாக்கி நோக்கின் இக்குறை தெளிவாகும். டப்ளினில் மக்களின் இலக்கியம் பிறர் மொழியிற் பேசப்பட்டது. மன்னாரில் பிறர் கொணர்ந்த கருத்து மக்களின் மொழியிற் பேசப்பட இருந்தது. மக்களின் இலக்கியத்தை மக்களின் மொழியிலேயே பேசும் அவை எங்கே?

மணல்வெளி அவை

அவ்வவை கரையோர ஊர்களின் மணல்வெளியில் ஒருவகையில் அமைந்தே இருந்தது. 1658இல் ஒல்லாந்தர் மன்னாரைக் கைப்பற்றிக் கத்தோலிக்கத்தைத் தடைசெய்தனர். குருமாரின்றி இருந்த மக்களைத் தேடி, 1687இல் யோசே வாஸ் அடிகளார் கோவாவிலிருந்து மறைவாக வந்தார். அவர் பின் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் எழுதினார். அச்சும் பள்ளியும் எட்டாத மக்களிடம், ஏட்டிலும் நாவிலும் வாழ்ந்த இலக்கியமாக நாட்டுக்கூத்து வளர்ந்தது. மாதோட்டப் பகுதியிற் பயின்ற கத்தோலிக்க நாடகங்கள் இரவு முழுவதும், சில வேளைகளில் ஓரிரவுக்கு மேலும், ஆடப்பட்டன. புனிதர் வரலாறும், அயல்நாட்டு மன்னர் கதையும், தமிழ் விருத்தத்திலும் கொச்சகத்திலும் தருவிலும் பாடப்பட்டன. அண்ணாவியாரே ஆசிரியர், ஊரே அவை.

இது பொழுதுபோக்கேயன்றி விரிவுரையாகாது எனச் சிலர் கருதலாம். ஆயினும், ஏட்டைப் பேணுதல், பாடம் சொல்லல், பிழை திருத்தல், அவையோர் முன் அரங்கேற்றல் என்னும் நான்கும் அங்கு உள்ளன. கல்விக்கழகத்தின் செயல்களும் இவையே. அக்கலையைப் பல்கலைக்கழகம் உணர்வதற்குக் காலம் சென்றது. 1960களில் பேராதனையிற் பணியாற்றிய பேராசிரியர் சு. வித்தியானந்தன் மன்னார்ப் பகுதி நாடகங்களை ஏட்டினின்றும் பதிப்பித்தார். மூவிராசாக்கள் நாடகம், எண்டிறீக்கு எம்பரதோர் நாடகம் முதலியவை அவ்வாறு வெளிவந்தன. ஓ'கரி ஐரியச் சுவடிகளுக்குச் செய்ததை ஒப்ப, ஊராரின் ஏட்டைப் பல்கலைக்கழக மேசைக்குக் கொணர்ந்த செயல் இது. அண்ணாவியாரைப் பேராசிரியர் தேடிச் சென்றமையே இதன் பெருமை.

நல்லூரும் கரம்பனும்

மக்களின் இலக்கியத்தை மக்களின் மொழியிற் பேசியதோடமையாது, அதனை உலக அவைக்கும் கொண்டுசென்ற கத்தோலிக்கத் துறவியர் இருவரை இங்கு நினைதல் வேண்டும். முதலாமவர் நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர். 1875இல் மானிப்பாயிற் பிறந்து, இளமையிற் புகையிரதப் பகுதியில் எழுதுவினைஞராக இருந்து, பின்னர்த் துறவு பூண்டவர் அவர். எந்தப் பல்கலைக்கழகத்திலும் இருக்கை பெறாமலே, யாழ்ப்பாண வரலாற்றை ஆதாரங்களோடு திறனாய்ந்து 1928இல் 'யாழ்ப்பாண வைபவ விமர்சனம்' வெளியிட்டார். சொற்பிறப்பு ஒப்பியல் அகராதியைத் தொடங்கி, அது முற்றுப்பெறாத நிலையில் 1947இல் மறைந்தார். வரலாறு என்பது கேட்டதைக் கூறுவதன்று, ஆதாரத்தைச் சீர்தூக்குவது என்னும் நெறியை ஊர் மக்கள் முன் நிலைநாட்டியமை அவர் தொண்டு.

இரண்டாமவர் தனிநாயகம் அடிகளார். 1913இல் ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பனிற் பிறந்த அவர், றோமாபுரியில் உர்பன் பல்கலைக்கழகத்திற் பயின்று முனைவர் பட்டம் பெற்றார். தமிழை முறையாகக் கற்கத் தொடங்கியது அதன் பின்னரே. தமிழ்நாட்டில் வடக்கன்குளம் பள்ளியில் ஆசிரியராக இருந்த காலத்தில். பின் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழில் உயர்பட்டங்கள் பெற்றார். உலகின் முதன்மையான மொழிகள் பலவற்றை அறிந்த ஒருவர், தம் தாய்மொழியை முப்பதாவது வயதை அணுகும் வேளையிற் பாடம் கேட்டுக் கற்க நேர்ந்தமை, அக்காலத்துக் கல்விமுறையின் இயல்பைக் காட்டும் சான்றாகும்.

1949 முதல் கிழக்காசியாவிலும் அமெரிக்காவிலும் பயணம் செய்து, தமிழ்ப் பண்பாடு பற்றிப் பொது விரிவுரைகள் நிகழ்த்தினார். 1952இல் 'தமிழ்க் கல்ச்சர்' என்னும் ஆங்கில முத்திங்கள் ஏட்டைத் தொடங்கினார். அவ்வாண்டே இலங்கைப் பல்கலைக்கழகத்திற் கல்வியியல் விரிவுரையாளரானார். 1961 முதல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறைக்குத் தலைமை தாங்கினார். இலிசுபன் முதலிய நகரங்களின் நூலகங்களில் அன்றிக் அடிகளாரின் இலக்கணம் உள்ளிட்ட பழைய தமிழ் ஆவணங்களைத் தேடிக் கண்டு அறிஞருலகுக்கு அறிவித்தார். மன்னாரில் எழுந்த எண்ணம் நம் நினைவுக்கு மீண்டும் வந்தது இத்தேடலின் பயனேயாகும்.

1964 சனவரியில் புதுடில்லியிற் கூடிய கீழைத்தேயவியலாளர் மாநாட்டையொட்டி, உலகத் தமிழாராய்ச்சி மன்றம் அவர் முயற்சியால் தோன்றியது. கோலாலம்பூரில் 1966இலும், சென்னையில் 1968இலும், பாரிசில் 1970இலும், யாழ்ப்பாணத்தில் 1974இலும் மாநாடுகள் நடைபெற்றன. இவற்றின் அமைப்பில் ஒரு சிறப்பை நோக்கலாம். ஆய்வரங்கு ஒருபுறம், பொதுமக்களுக்கான நிகழ்ச்சி மறுபுறம். அறிஞர் தமக்குள் ஆய்ந்ததை மக்கள் அவையிலும் கூறுதல் வேண்டும் என்னும் நியதி அதில் அடங்கியுள்ளது.

அந்நியதியின் விலையையும் நாம் அறிவோம். 1974 சனவரி 10ஆம் நாள், யாழ்ப்பாணம் வீரசிங்கம் மண்டபத்தின் முன் பல்லாயிரவர் கூடியிருந்து அறிஞர் உரையைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, காவற்படையினர் புகுந்தனர். அதனைத் தொடர்ந்த குழப்பத்தில் ஒன்பது பேர் உயிரிழந்தனர். அவர்கள் போர்க்களத்திலோ கலவரத்திலோ மாண்டவர் அல்லர். ஒரு பொது விரிவுரையைக் கேட்க வந்தவர்கள். பொது விரிவுரை தீங்கற்ற, வலிமையற்ற ஒரு நிகழ்ச்சி எனக் கருதுவோர் இந்நாளை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒரு மக்கட் கூட்டம் தன் மொழியில் தன்னைப் பற்றிய அறிவைக் கேட்க அமர்ந்திருத்தல், ஆட்சிக்கு அச்சம் தரும் செயலாக மாறக்கூடும் என்பதற்கு அதுவே சான்று.

தனிநாயகம் அடிகளார் தம் வாழ்வின் இறுதியாண்டாகிய 1980இல், தந்தை செல்வா நினைவு விரிவுரைகளில் தமிழாராய்ச்சி கடந்துவந்த வழியையும் இனிச் செல்ல வேண்டிய வழியையும் எடுத்துரைத்தார். அவ்வாண்டு செப்ரெம்பர் முதலாம் நாள் மறைந்தார். டப்ளினில் நியூமன் விரிவுரையோடு தொடங்கினார். இவர் விரிவுரையோடு முடித்தார்.

விடத்தல்தீவும் இன்றைய வினாவும்

இலங்கையிற் கத்தோலிக்க உயர்கல்விக்கும் முயற்சி இல்லாமலில்லை. பீற்றர் பிள்ளை அடிகளார் 1954இல் கொழும்பில் அக்குவைனாஸ் பல்கலைக்கழகக் கல்லூரியை நிறுவினார். ஆயினும் அது தலைநகரைச் சார்ந்தது. மன்னார்க் கரைக்கு எட்டாதது. 1981இல் மன்னார் தனி மறைமாவட்டமாயிற்று. வடக்கே யாழ்ப்பாணத்திலும், 2021 முதல் வவுனியாவிலும் தனிப் பல்கலைக்கழகங்கள் உள்ளன. 1560களில் உயர் கல்விக்கூடத்துக்கு ஏற்ற இடமென எண்ணப்பட்ட மன்னாரில் பல்கலைக்கழகம் இல்லை.

இதனைக் கட்டடக் குறையாக மட்டும் நோக்குதல் போதாது. விடத்தல்தீவின் அண்மைக்கால வரலாறு வேறொரு குறையையும் உணர்த்துகின்றது. 1990 அக்டோபரில் இவ்வூர் இஸ்லாமிய மக்கள், வடமாகாணத்து ஏனைய இஸ்லாமியரைப் போலவே, விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். தலைமுறைகளாக அயலவராய் வாழ்ந்தோர் ஒரு சில நாட்களில் ஏதிலிகளாயினர். 2008 யூலையில் அரச படையினர் ஊரைக் கைப்பற்றினர். எஞ்சியோரும் போரினால் இடம்பெயர்ந்தனர். மக்கள் மீண்டு வந்த பின், 2016இல் இக்கரையின் கண்டற் காடும் கடற்புற்படுகையும் அடங்கிய 29,000 எக்டேயருக்கு மேற்பட்ட பரப்பு இயற்கை ஒதுக்கமாக அறிவிக்கப்பட்டது. 2024 மே மாதத்தில், நீருயிரின வளர்ப்பின் பொருட்டு அதில் 168 எக்டேயரை விடுவிக்கும் அரச அறிவித்தல் வந்தது. சூழல் பேணுவோர் நீதிமன்றத்தை நாடினர்.

இறால், நண்டு, மீன் ஆகியவற்றின் குஞ்சுகள் வளரும் இடம் கண்டல் வேர்களின் இடுக்கும் கடற்புற்படுகையுமே. கரையோரத்தான் இதனை நூல் பயிலாமலே அறிவான். மறுபுறம், நீருயிரின வளர்ப்பால் வேலையும் வருவாயும் வரும் என்னும் கூற்றையும் அவன் கேட்கின்றான். இரண்டையும் சீர்தூக்க வேண்டியவனும், முடிவின் பயனை நுகர வேண்டியவனும் அவனே. ஆனால் அவன் கடலைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, தொலைநகரங்களின் அரங்குகளில் வாசிக்கப்படுகின்றன. 1990இல் நிகழ்ந்ததைப் பற்றிய ஆய்வுகளும் அவ்வாறே. வெளியேற்றப்பட்டோரும் எஞ்சியிருந்தோரும் ஒரே அவையில் அமர்ந்து, ஆதாரத்தோடு கூறப்படும் தம் வரலாற்றைத் தம் மொழியிற் கேட்டல் அரிதாகவே நிகழ்கின்றது. ஆய்வு மிகுகின்றது, அவை குறைகின்றது.

முடிவுரை

இதுகாறும் நோக்கியவற்றைத் தொகுத்துக் கூறுவோம். டப்ளினிற் பட்டமளிக்க இயலாத ஒரு பல்கலைக்கழகம், ஏடு வல்ல ஓர் உழவர் மகனை மேடையேற்றி, ஒரு நாட்டுக்கு அதன் வரலாற்றை அளித்தது. மன்னாரில் எண்ணத்தோடு நின்ற கல்விக்கூடம், மக்களின் மொழியே உயர்கல்விக்கும் உரியது என்னும் கருத்தை விட்டுச்சென்றது. மாதோட்டத்தின் மணல்வெளி, நிறுவனம் இல்லாத காலத்திலும் அவை உண்டு என்பதைக் காட்டியது. தனிநாயகம் அடிகளார் அறிஞர் அரங்கையும் மக்கள் அவையையும் இணைத்தார். இந்நான்கும் ஒன்றுகூடும்போதே பொது விரிவுரை முழுமை பெறும்: மக்களைப் பற்றிய பொருள், மக்களின் மொழி, மக்களின் இடம், ஆதாரத்துக்குக் கட்டுப்பட்ட ஆய்வு.

இது பெருஞ்செலவை வேண்டும் பணியன்று. கோயில் முற்றமும், பள்ளிவாசல் முன்றிலும், பாடசாலை மண்டபமும் விடத்தல்தீவில் உள்ளன. வரலாறு பயில்வோரும், கடலியல் பயில்வோரும், தமிழ் பயில்வோரும் நம் பல்கலைக்கழகங்களில் உள்ளனர். ஆண்டுக்கு ஒருமுறையேனும் தம் ஆய்வை எடுத்துக்கொண்டு அக்கரைக்குச் சென்று, தமிழில் எடுத்துரைத்து, வலை பின்னுவோர் எழுப்பும் வினாவுக்கு விடை கூறி, விடை தெரியாதவிடத்து அவர்களிடமே கேட்டறிந்து மீளுதல் தமிழ்ச் சங்கங்களுக்கு இயலாத செயலன்று. சென்றவர் கற்பித்ததினும் கற்றதே மிகுதியாக இருக்கலாம். ஓ'கரியை அழைத்த நியூமனும், அண்ணாவியாரைத் தேடிச் சென்ற வித்தியானந்தனும் அதனையே செய்தனர். நானூற்று அறுபது ஆண்டுகளுக்கு மேலாக மன்னார்க் கரையில் நிறைவேறாது நிற்கும் ஓர் எண்ணத்துக்கு நாம் செய்யக்கூடிய கைம்மாறு அதுவேயாகும்.